நீ இல்லை என்று சொன்ன சோறு

இன்று காலை நாகரசம்பட்டியிலிருந்து உங்கள் தோப்புச் செந்தூரா மாங்காய் என் மண்டிக்கு வந்து இறங்கியது. வேனின் பின்கதவைத் திறந்தால், மேல்கூடையில் வெயில் படாமல் இருக்க உன் முகத்தை வைத்து மூடி அனுப்பியிருக்கிறார் உன் அப்பா. கோட்டு, நீல டை, பல் தெரியாத அந்தத் தேர்தல் சிரிப்பு. அட்டையில் இடது காதை மட்டும் ஆடு கடித்து வைத்திருக்கிறது.

சுமை இறக்குகிறவர்களுக்கு உன்னை நன்றாகத் தெரியும். "பாய், ஆஸ்திரேலியாக்காரு வந்துட்டாரு, எங்க எறக்கறது?" என்று கேட்டார்கள். ஓரமாகச் சாத்தி வையுங்கள் என்றேன். வைத்தார்கள். அப்போதிலிருந்து நீ என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். செத்த பிறகாவது ஒரு மனிதனை நிம்மதியாக வியாபாரம் பார்க்க விடமாட்டாயா?

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ இருந்தபோது போனில் கத்துவேன். "மாப்ளே, மீட்டிங்ல இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். இப்போது வைக்க முடியாது பார். உன் அப்பாவுக்கு நீ சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் போய்விட்டாய். உன் சாம்பலை உன் தோப்புக்குள் விடுவாரா மாட்டாரா என்று கேட் வாசலில் நின்று தவித்தது நான். பஸ்ஸில் சீட் பிடிப்பது நீ, நிற்பது நான். எப்போதுமே அப்படித்தானே.

இந்த அட்டை வந்த கதையே ஒரு தனிக் கதை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள், சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். நீ முதல் தடவை அந்த ஊர்ச் சட்டசபைக்கு ஜெயித்துவிட்டு வந்தபோது, பெட்டி நிறைய உன் முகத்தையே கொண்டுவந்தாய். நல்ல பிளாஸ்டிக் அட்டை, எத்தனை மழை பெய்தாலும் நனையாது. வீட்டுக்கு ஒன்று என்று கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போனாய். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் முனியப்பன் என்று போட்டிருந்தது.

முனியப்பன் உன் பெயரே இல்லை. உன் அப்பாவின் பெயர். நம் பக்கத்தில் அப்பா பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கி நம் பெயருக்கு முன்னால் நிற்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அங்கே குடும்பப் பெயர் வேண்டும் என்றார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? எல்லாரையும் போல நீயும் அப்பா பெயரைக் கொடுத்தாய். அன்றோடு உன் சொந்தப் பெயர் ஒழிந்தது. முழுசாகச் சொல்ல வராதவர்கள் "முனி" என்று கூப்பிட்டார்கள். இங்கே முனி என்றால் பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் போகாதே என்பார்கள். அங்கே தொகுதியே திரண்டு வந்து முனிக்கு ஓட்டுப் போட்டது.

உன் அப்பா அட்டையைக் கையில் வாங்கி, உன் தங்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "எம்பேர எதுக்குடா ஊரெல்லாம் ஒட்டி வெச்சிருக்க? எலெக்சன்ல நானா நின்னேன்?" என்றார். ஊரில் அவரை முகத்துக்கு நேரே பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மாமனார் பெயரை வாயால் சொல்லாத உன் மனைவியை அங்கே மிஸஸ் முனியப்பன் என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு, இருமலில் போய்த்தான் நின்றது. அன்றைக்கே ஆணியும் சுத்தியலும் எடுத்து, தோப்புக் கொட்டகையில் ரோட்டைப் பார்க்க உன்னை மாட்டினார். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்கட்டும் என்று அவருக்குப் பெருமை. அடுத்த தடவை நீ எதிர்க்கட்சியில், மந்திரியைக் கேள்வி கேட்கிற நிழல் அமைச்சர் ஆகிவிட்டாய் என்று நான் போய்ச் சொன்னேன். "நெழலுக்கு ஒரு மந்திரியா? அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? தோப்புலயே இருந்திருக்கலாம் இல்ல?" என்று கேட்டார்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஓசூர் பஸ் ஸ்டாண்டுதான், சட்டசபை இல்லை. நாம் இருவரும் பாலிடெக்னிக் முடித்து, ஒரே கம்பெனியில் டூல்ரூமில் வேலை பார்த்து, ஒரே அறையில் குடியிருந்த காலம். சனிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ் உள்ளே நுழைந்ததும், அது நிற்பதற்கு முன்னால் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசுவாய். துண்டு போதாவிட்டால் செருப்பு. ஒரு தடவை துண்டும் இல்லை, செருப்பும் புதுசு என்று, என்னையே இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஜன்னலுக்குள் தள்ளினாய். சட்டைப் பொத்தான் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"இன்னாபா, டிக்கெட் வாங்கறவனுக்கு சீட்டா, துண்டு போட்டவனுக்கு சீட்டா?" என்று கண்டக்டர் சண்டைக்கு வருவார். "துண்டு அட்வான்ஸ் புக்கிங் அண்ணா" என்பாய். இத்தனை அக்கிரமம் பண்ணிப் பிடித்த இடத்தை, சூளகிரி வருவதற்குள் கைக்குழந்தையோடு நிற்கிற யாருக்காவது கொடுத்துவிடுவாய். பிறகு படியில் தொங்கிக்கொண்டு ஊர் வரைக்கும் பாட்டு. அதனால்தான் உன்னோடு சண்டை போட்டாலும் உன்னை விடமுடியவில்லை.

கேன்டீன் சண்டை ஞாபகம் இருக்கிறதா? சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. நீ தட்டைக் கவிழ்த்துவிட்டு சிமென்ட் பெஞ்சின் மேல் ஏறினாய். ஒரே மூச்சில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசினாய். "சோத்துல கை வெக்கறவன் உருப்படமாட்டான்" என்று மட்டும் தமிழிலேயே சொன்னாய். அது மூன்று பாஷைக்காரர்களுக்கும் புரிந்தது. யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் சாம்பார் கெட்டியாக வந்தது. யூனியன் ஆள்கள் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த நீதான் பிற்பாடு கோட்டுப் போட்டுக்கொண்டு, வேலைநிறுத்தம் நாட்டைக் கெடுக்கும் என்று சட்டசபையில் பேசினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டு சாம்பாரை ஞாபகப்படுத்தினேன். "அது வேற, இது வேற மாப்ளே. இப்ப நான் கம்பெனி நடத்தறேன், நாப்பது குடும்பத்துக்கு சம்பளம் குடுக்கறேன்" என்றாய். நான் டூல்ரூமை விட்டு மண்டிக்கு வந்தவன். நீ ஆஸ்திரேலியாவுக்கு மெஷின் ஓட்டப் போய், சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டு, அந்த ஊர் வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்து, நகராட்சி உறுப்பினராகி, கட்சிக்குள் ஏறியவன். உழைத்து வந்தாய், மறுக்கவில்லை. "எங்கப்பா மாதிரிதான்டா நான். யார் கையையும் எதிர்பாக்காதவன், சாமி கும்பிடறவன், குடும்பம் முக்கியம்னு நெனைக்கறவன். எங்க கட்சி சொல்றதும் அதேதான்" என்பாய். உன் கட்சியின் கொள்கையெல்லாம் நாகரசம்பட்டித் தோப்பில் நீ கற்றதுதான் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் வரிசைப் பேச்சு பேசினாயே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? படகில் ஏறி உயிருக்குப் பயந்து வந்து நிற்கிறவர்களைப் பார்த்து, "வரிசையைத் தாண்டி வருகிறவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று மேஜையைத் தட்டினாய். உன் வாயிலிருந்தா வரிசை என்ற சொல் வருகிறது என்று நான் மண்டியில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "ஏன்டா, நீ என்னிக்குடா வரிசைல நின்ன? ஜன்னல்ல என்னத் தூக்கிப் போட்டவன்தானே?" என்று கேட்டேன். நீ ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "அத அங்க யாருகிட்டயும் சொல்லிராத" என்றாய்.

நமக்குள் சிரிக்கமுடியாததும் ஒன்று நடந்தது. நம் பண்பாட்டோடு ஒத்துப்போகாதவர்களை யோசித்துத்தான் உள்ளே விடவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசியிருந்தாய். யாரைச் சொல்கிறாய் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும், இங்கே பார்த்த எனக்கும் தெரியும். அதே வாரம் நோன்பு திறக்கிற நேரத்துக்குப் போன் பண்ணி, "கஞ்சி ஆச்சா மாப்ளே?" என்று விசாரித்தாய். உன் கூட்டத்துப் பேச்சைப் பார்த்தேன் என்றேன். "உன்னச் சொல்லலடா" என்றாய். என்னைச் சொல்லவில்லை என்றால் என்னைப்போன்ற யாரைச் சொன்னாய், அஞ்செட்டிக் காட்டில் திரிகிற யானையையா? அன்று எனக்கு நிஜமாகவே வலித்தது. ஆனாலும் என் சண்டையை நான் பார்த்துக்கொள்வேன். உன்னோடு சண்டை போட்டுப் போட்டு எனக்குத் தோல் தடித்துவிட்டது. உன் அப்பாவுக்கு அப்படி இல்லை.

அந்தப் பேச்சை உன் தொகுதியில் எல்லாரும் பாராட்டினார்களாம். அடுத்த கூட்டத்தில், ஏழைநாட்டில் பிறந்து இந்த மண்ணில் உயர்ந்தவன் என்று உன்னை மேடையில் அறிமுகப்படுத்தினார்கள். நீ மைக்கைப் பிடித்து, தொண்டை கரகரக்க, உன் பிள்ளைப்பிராயத்தைச் சொன்னாய். எங்கள் வீட்டில் பல நாள் சோறு இருக்காது, வருஷத்தில் பண்டிகை நாளில்தான் சோற்றைப் பார்ப்போம், இந்த நாடுதான் எனக்குச் சோறு போட்டது என்றாய். நீ சொன்னது ஆங்கிலத்தில். அது அங்கேயே கிடந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. உன்மேல் பாசம் கொண்ட அங்குள்ள தமிழர்கள் சும்மா இருந்தார்களா? பேச்சு வீடியோவின் கீழே அழகாகத் தமிழில் எழுத்துப் போட்டு, பின்னால் வீணை வாசித்து, உலகத்துக்கே அனுப்பினார்கள். அது சுற்றி வளைத்து நாகரசம்பட்டி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. உன் தங்கை விவரம் புரியாமல், "அப்பா, அண்ணன் பேசுது பாருங்க" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

மாங்காய் விலை பேச நான் போயிருந்த நேரம் அது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் தடவையும் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு போனைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் சாயபு, நான் சோறு போடலியா அவனுக்கு?"

அந்த வீட்டில் நானே எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். சனிக்கிழமை உன்னோடு வந்து இறங்கினால், உன் அம்மா அடுப்படியில் காலை நீட்டி, பானையைக் கவட்டைக் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ராகிக்களி கிண்டுவார். அவரைக்கொட்டைக் குழம்பு. உருண்டையில் குழி பண்ணி, குழம்பை ஊற்றி, "மெல்லாத தம்பி, முழுங்கு" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உன் வீட்டில்தான். ஆடு வாங்க வந்தவன், பம்புசெட் ரிப்பேர் பண்ண வந்தவன் என்று வாசலுக்கு வந்த எவனும் வெறும்வயிற்றோடு போனதில்லை.

"அவங்கம்மா கை காச்சுப்போச்சு இவனுக்கு களி கிண்டிக் கிண்டி. நல்லவேள, இதக் கேக்க அவ இல்ல" என்றார் உன் அப்பா. எழுந்துபோய்க் கொட்டகையில் ஆணியைப் பிடுங்கினார். அட்டையைத் திருப்பி, ஆட்டுப்பட்டிப் பக்கம் மூஞ்சி தெரிய மாட்டினார். "ஆட்டுக்குப் போயி கத சொல்லட்டும். கேப்பைல நெய் வழியுதுன்னா கேக்கறவனுக்கு எங்க போச்சு புத்தி? ஓட்டுப் போடறானுங்களாம் ஓட்டு."

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

"நான் எங்கடா பொய் சொன்னேன்? ஊட்ல சோறு ஏது? தெனம் களிதானே? பொங்கலுக்கும் தீவாளிக்கும்தானே அரிசி வடிப்பாங்க? நான் அரிசியத்தான் சொன்னேன். அவன் தமிழ்ல தப்பா போட்டா நான் என்னா பண்ணுவேன்?"

"கேட்டவன் என்னா நெனச்சான்? பட்டினின்னுதானே நெனச்சான்?"

"அவன் நெனைக்கறதுக்கு நான் பொறுப்பா? மாந்தோப்புக்காரர் மவன், மூணு வேள தின்னு வளந்தேன்னா இங்க எவன் கைதட்டுவான்?"

டேய், களி சோறு இல்லையா? ஓசூரில் நம் வீட்டுக்காரம்மா கன்னடத்தில் தினமும் கேட்பார்களே, "ஊட்டா ஆயிதா?", சாப்பாடு ஆச்சா என்று. ராகிமுத்தே என்று அவர்கள் சொல்கிற களியைத் தின்றுவிட்டு வந்தவன் எவனாவது ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறானா? வயிறு நிறைந்தால் ஆயிற்று என்பான். சோறு என்றால் அரிசியும் உண்டு, சாப்பாடும் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் துண்டைப் போட்டு ஒரு தொகுதியைப் பிடித்தவன் நீ ஒருவன்தான்.

அப்பாவுக்கு ஒரு போன் பண்ணு, களியும் சோறுதான், நீ போட்ட சோற்றில்தான் வளர்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லு என்றேன். எவனாவது பதிவு பண்ணி வெளியே விட்டால் எதிர்க்கட்சிக்காரன் என்னைப் பொய்யன் என்பான், தேர்தல் முடியட்டும் என்றாய். தேர்தல் முடிந்து ஜெயித்தாய். அடுத்துக் கட்சிக்குள் தலைவர் போட்டி, அது முடியட்டும் என்றாய். ஒவ்வொரு மாங்காய் சீசனுக்கும் நான் அந்தத் தோப்புக்குப் போகிறவன். "பேசினானா சாயபு?" என்று அவர் கேட்கமாட்டார். காய் எண்ணுகிறமாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பக்கம் எல்லாம் சௌக்கியமா?" என்பார். நான் இங்கே வந்து உன்னைத் திட்டினால், நீ என்னைத் திட்டுவாய். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அவரிடம் உனக்காகத் துண்டு போட்டுப் போட்டு நான் இடம் பிடித்து வைத்தேன். நீ பஸ் ஏறவே இல்லை.

கடைசித் தேர்தலில் தோற்றாய். அன்று நீயாகக் கூப்பிட்டாய். குரலில் கோட்டும் டையும் இல்லை, பழைய டூல்ரூம் குரல். "வர்ற சீசனுக்கு வரேன்டா. அப்பா முன்னாடி போயி நிக்கறேன். அடிச்சா அடிக்கட்டும்" என்றாய். நான் நம்பினேன். பூ பிடிக்கிற காலத்திலேயே, உன் பட்டறையில் காலையில் ஷட்டரைத் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாயாம். உன் மகள் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். எல்லாவற்றிலும் முண்டியடித்து ஏறுகிறவனுக்கு இதிலும் என்ன அவசரம்?

உன் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று உன் மகள் மட்டும் சாம்பலோடு வந்தாள். பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரோடு போனேன். சின்னப் பித்தளைச் செம்பு. அதைப் பின்சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டாள். தோப்பில் முதல் செந்தூரா மரத்தடியில் போடவேண்டும் என்று நீ எப்போதோ சொல்லியிருந்தாயாம். அவள் வருவதற்கு முன்தினமே உன் அப்பா என்னிடம் சொல்லிவிட்டிருந்தார்: "அந்தப் புள்ள வரட்டும், அது எம்பேத்தி. அவன் வர வேணாம். சோறு இல்லாத ஊட்டுக்கு எதுக்கு வரான்? ஒகேனக்கல்லுக்கு எடுத்துட்டுப் போயி கரைச்சிட சொல்லு."

அத்திப்பள்ளி நெரிசலில் கார் நின்றபோது மெல்ல ஆரம்பித்தேன். தாத்தா ஆற்றில்தான் கரைக்கவேண்டும் என்கிறார் என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம், எனக்கு ஆங்கிலம் மண்டி ஆங்கிலம். சோறு என்ற வார்த்தைக்கு ஆங்கிலத்தில் எதைச் சொல்வது? அரிசி என்று சொன்னால் தாத்தாவுக்குப் பைத்தியம் என்று நினைப்பாள். சாப்பாடு என்று சொன்னால் அப்பா பொய்யன் என்று நினைப்பாள். ஓசூர் மேம்பாலம் வரைக்கும் யோசித்துப் பார்த்துவிட்டு, ஏசியைக் கொஞ்சம் கூட்டட்டுமா அம்மா என்று கேட்டேன்.

செம்பு காரிலேயே இருக்கட்டும் என்று அவளிடம் கெஞ்சி, காரைத் தோப்பு கேட்டுக்கு வெளியில் புங்கமரத்து நிழலில் விட்டேன். வீட்டுக்குள் உன் தங்கையும் உன் அப்பாவும் குசுகுசுவென்று சண்டை. அரிசி ஊறவைத்திருந்தாளாம், வேண்டாம் என்றிருக்கிறார். "அவங்கப்பன் இல்லன்னு சொன்னதயே போடு. கண்ணால பாத்துட்டுப் போவட்டும்" என்று பிடிவாதம். "கடல் தாண்டி வந்த புள்ளைக்கு, அதும் சாவு நடந்து வந்த புள்ளைக்கு, களியாப்பா போடுவாங்க?" என்று உன் தங்கைக்கு அழுகை. கிழவருக்கு மனம் இறங்கவில்லை. பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புதிதாகச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை.

இலை போட்டு உட்கார்ந்தாள் உன் மகள். களி உருண்டையை வைத்து, குழம்பை ஊற்றினாள் உன் தங்கை. உன் அப்பா கட்டிலில் இருந்து கண்கொட்டாமல் பார்த்தார். அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்த்து அவள் முகம் சுளிக்கப்போகிறாள், இவர் ஏதாவது சொல்லப்போகிறார், இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அவள் இலையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"சோறு" என்றாள்.

உன் அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. "என்னா சொல்லுது?" என்றார்.

"சோறு, தாத்தா. அப்பா செய்வாங்க. எல்லா சண்டேயும். அம்மா ஹெல்ப் பண்ண வந்தா போ போன்னுடுவாங்க. எலெக்‌ஷன் தோத்த டே கூட சோறுதான். அப்பா கிண்டிக்கிட்டே அழுதாங்க." விரல் நுனியில் கிள்ளி, குழம்பில் புரட்டி, வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினாள். தொண்டைக்குள் இறங்குகிறவரைக்கும் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உன் அப்பா கட்டிலைவிட்டு இறங்கி அவள் எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"களின்னு சொல்லமாட்டானா, கண்ணு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "களின்னா என்ன தாத்தா?"

பாவி. ஒரு வார்த்தை, போனில் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? அதைச் சொல்லப் பயந்து நாள் தள்ளிக்கொண்டிருந்தவன், வாராவாரம் உன் சமையலறையில் உன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். களி என்ற சொல்லே தெரியாமல் அவளை வளர்த்திருக்கிறாய். இதை எனக்காவது சொல்லியிருக்கலாமே. வேனில் மாங்காய் ஏற்றுகிற கையோடு ஓடிப்போய் அவரிடம் சொல்லியிருப்பேனே. எத்தனை சீசன் வீணாய்ப்போயிற்று.

உன் அப்பா துண்டால் முகத்தை ஒரு தடவை துடைத்தார். எழுந்து வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, என் காரண்டை போய் நின்றார். "கதவத் தொற சாயபு" என்றார். திறந்தேன். சீட் பெல்ட்டை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, நான்தான் எடுத்துவிட்டேன். செம்பை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, "எறங்குடா" என்றார்.

செந்தூரா மரத்தடியில் அவரே குழி பறித்தார். உன் மகள் சாம்பலைப் போட்டாள். மண்ணைத் தள்ளி மூடி, அதன்மேல் இலை விரித்து, பெரிய உருண்டையாகக் களி வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பு ஊற்றினார். ஊருக்கெல்லாம் கேட்கிறமாதிரிச் சத்தமாகச் சொன்னார்: "சோறு போட்டிருக்கேன். தின்னு." உன் தங்கை வாய்விட்டு அழுதாள். நானும்தான் அழுதேன், உனக்கென்ன.

உன் மகள் ஊருக்குத் திரும்பிப் போய் நாளாகிவிட்டது. வாரம் ஒரு தடவை தாத்தாவோடு வீடியோவில் பேசுகிறாள். இன்று உன் அட்டையை எதற்கு அனுப்பினார், திருப்பி அனுப்பவேண்டுமா என்று வேன் டிரைவரைக் கேட்டேன். "வேணாமாம் பாய். உங்ககிட்டயே இருக்கட்டும்னாரு. ஆளே தோப்புல இருக்கறப்ப அட்டை என்னாத்துக்குன்னு கேட்டாரு" என்றான்.

ஆக, இனி நீ என் தலையில். எங்கே மாட்டுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. வரிசைப் பேச்சுக்கும் அந்தக் கூட்டத்துப் பேச்சுக்கும் உன்னிடம் நான் இன்னும் பேசித் தீர்க்கவில்லை, மேன்மேலும் திட்ட எதிரில் நீ இருப்பது எனக்கு வசதிதான். இப்போது மத்தியானம் ஆகிவிட்டது. என் வீட்டிலிருந்து கேரியர் வந்திருக்கிறது. மேல்தட்டில் அவரைக்கொட்டைக் குழம்பு, கீழ்த்தட்டில் இரண்டு உருண்டை களி. பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன்.

"சோறு வந்திருச்சு, வாங்க."